இடப்பக்கம் கடைசித் தோள்

என் கட்டைவிரல்கள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றின் பின்னால்தான் நான் வந்தேன், விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, விருப்பம் துளியும் இல்லாமல். ராயபுரத்தில் இருபது வருடங்களுக்கு மேல் முதுகுகளை அழுத்திய விரல்கள், இப்போது பால் பாக்கெட்டின் மூலையைக் கிள்ளினாலே வலிக்கின்றன. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மூட்டு தேஞ்சிருக்கு, இனிமே அழுத்தற வேலை வேணாம்" என்றார். சரி என்றேன். ஐம்பது வயது என்பது ஓய்வுக்கான வயதா? வீட்டுக்கு வந்து, யாருடைய முதுகும் இல்லாத என் இரண்டு கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நான் முகங்களைப் பார்ப்பதில்லை. கம்பியைப் பிடித்து நிற்கும் பையன் எல்லா எடையையும் ஒரே காலில் வைத்திருக்கிறான். காய்கறிப் பையோடு ஏறிய அம்மா, குனியப் பயந்து, முழங்காலை மட்டும் மடக்கிப் பையைக் கீழே வைக்கிறாள். கேட்க வேண்டும் போலிருக்கும். எப்போதிருந்து? காலையில் அதிகமா, வேலை முடிந்தா? கை வைக்கட்டுமா? கேட்பதில்லை. தண்டையார்பேட்டை வருகிறது, கதவு திறக்கிறது, முதுகுகள் இறங்கிப் போய்விடுகின்றன.

போன மாதம் நிவேதா போன் செய்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் பிசியோதெரபிஸ்ட்.

"மேடம், வர்றவங்க எல்லாம் போன்ல வீடியோ காட்டறாங்க. முதுகுல சொடக்கு சொடக்குன்னு எடுக்கறது. அது மாதிரி செய்யுங்கன்னு கேக்கறாங்க. எக்சர்சைஸ்னு சொன்னா முகம் சுருங்கிடுது. அந்தக் காலத்துல சொடக்கு டாக்டர் ஒருத்தர் நம்ம டிபார்ட்மெண்டுக்கே வருவாராமே, நெஜமா? எழுதித் தாங்க மேடம், ஆஸ்பத்திரி மலர்ல போடலாம்."

அந்தக் காலம் என்கிறாள். எனக்கு அது நேற்றைய சனிக்கிழமை.

படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியில் ஒரு எலும்புக்கூடு தொங்கியது. அதன் முதுகெலும்புகளை மேலிருந்து கீழே பெயர் சொல்லி எண்ணினோம், தேர்வெழுதினோம், தேறினோம். அந்த எலும்புக்கூடு ஒருநாளும் "யம்மா" என்று கத்தியதில்லை. கத்துகிற முதுகை ராயபுரத்தில்தான் தொட்டேன்.

துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. எங்கள் பிரிவு தரைத்தளத்தில், ஒரு காலத்தில் கிடங்காக இருந்த நீள அறையில். மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற சுடுமெழுகின் வாசம் எப்போதும் இருக்கும். காற்று திரும்பினால் கருவாட்டு வாசம் வந்து அதன் மேல் படுத்துக்கொள்ளும். தலைமை பிசியோதெரபிஸ்ட் ரங்கநாயகி மேடம். உயரமானவர், சத்தமில்லாமல் நடப்பவர். அவருக்கு நாற்காலி இருந்தது, அதில் எங்கள் பைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

மேடம் முதுகை முதலில் கேள்விகளால்தான் தொடுவார். சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா? உட்காரும் இடம் மரத்துப்போகிறதா? காய்ச்சல் உண்டா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? விழுந்தீர்களா? கத்திரிக்காய் விலை விசாரிக்கிற குரலில் கேட்பார். அந்தக் குரலுக்கு யாரும் வெட்கப்பட்டதில்லை. பிறகு குதிகாலால் நடக்கச் சொல்வார், அடுத்து நுனிக்காலால். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் எதிர்த்து அழுத்திப் பார்ப்பார். இத்தனையும் ஆன பிறகே டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். டீ குடிக்க அல்ல, கைக்கு. கடைசியாகக் கேட்பார்: "கை வைக்கட்டுமா?"

ஒவ்வொரு தடவையும். வருடக்கணக்கில் வருகிறவரிடமும்.

ஒருமுறை ஒரு கிரேன் ஆபரேட்டர் குப்புறப் படுத்தபடியே சிரித்துவிட்டார். "இன்னா மேடம், போலீஸ் டேசன்ல கூட கேக்காமத்தான் கை வெப்பான். நீங்கோ பர்மிஷன் கேக்கறீங்கோ!"

"அதனாலதான் கேக்கறேன்" என்றார் மேடம்.

பெனடிக்ட் வந்தது அந்த நாட்களில். ராயபுரத்துப் பிள்ளை. வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு வந்து, அம்மா வீட்டு முன்னறையிலேயே போர்டு மாட்டியிருந்தார். முதுகெலும்பின் இறுகிய மூட்டைக் கையால் கண்டுபிடித்து, சட்டென்று ஒரு குறுகிய உந்தல் கொடுத்து அசைத்துவிடுகிற வைத்தியம். சொடக்கு டாக்டர் என்று பேர் வைத்தது காசிமேடு. எங்கள் ஆஸ்பத்திரியில் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மேடம் ஆளை அழைத்துவரச் சொன்னார்.

"எந்த முதுகுக்குச் செய்வீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. எந்த முதுகைத் தொட மாட்டீங்க?"

பெனடிக்ட் கொஞ்சம் யோசித்தார். "காலுல பலம் கொறையறவங்க. ஒண்ணுக்குப் போறதுல வித்தியாசம் தெரியறவங்க. விழுந்து எலும்புல அடியோன்னு சந்தேகம் இருக்கறவங்க, எலும்பு மெலிஞ்ச வயசானவங்க. காய்ச்சலோட முதுகு வலிக்கறவங்க. தொடாம டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன் மேடம்."

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மேஜையில் ஒருக்களித்துப் படுத்தார். "இப்ப என் முதுகுக்குச் செய்யுங்க."

சொடக்.

"இந்தச் சத்தத்துக்கு எவ்வளவு மதிப்பு?" என்று படுத்தபடியே கேட்டார்.

"மதிப்பே இல்ல மேடம். மூட்டுக்குள்ள இருக்கற காத்து. எலும்பு ஒண்ணும் எடம் மாறி உக்காரல."

"சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க."

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின. பெனடிக்ட் கை வைத்த பிறகு பலருக்குக் கொஞ்ச நேரம், சிலருக்குக் கொஞ்ச நாள், வலி இறங்கும். எல்லோருக்கும் அல்ல. அந்த இடைவெளிக்கு மேடம் வைத்த பெயர் மழை விட்ட நேரம். மழை விட்ட நேரத்தில் துணி காயப்போடுகிற மாதிரி, அதற்குள் உடற்பயிற்சியைச் செய்ய வைக்க வேண்டும். அது என் வேலை. சொடக்கு எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனவர்கள் அடுத்த சனிக்கிழமை அதே வலியோடு வந்தார்கள். என்னிடம் வந்து வியர்த்தவர்கள் மெல்ல மெல்ல வராமல் போனார்கள். வராமல் போகிறவர்களுக்காகச் சந்தோஷப்படுகிற வேலை. இப்போது அவர்கள் யாராவது வரமாட்டார்களா என்று இருக்கிறது, வலியில்லாமல், சும்மா.

சேவியர் வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். துறைமுகத்தில் லேஷிங் வேலை: கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் அலையில் ஆடாதபடி நீள இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவது. நாற்பது வயது. இடுப்பில் அகலமான தோல் பெல்ட். தலையில் நிறைகுடம் இருப்பவர் போல, கழுத்தைக்கூடத் திருப்பாமல் நடந்து வந்தார். பின்னால் மனைவி ஜெசிந்தா, காசிமேட்டில் மீன் விற்கிறவர். ஐஸும் மீனுமாகக் கனக்கும் பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் இடுக்கிப் பழகிய உடம்பு.

"எதைத் தூக்கினப்போ வந்தது?" என்று கேட்டார் மேடம்.

"சோப்பு மேடம்" என்றார் சேவியர்.

"சோப்பா?"

"குளிக்கசொல்ல கீய வியுந்துச்சு. குனிஞ்சேன். அவ்ளோதான்."

"இரும்ப தூக்கிகினு கப்பல் கப்பலா ஏறுவாரு, ஒண்ணியும் ஆவல" என்றார் ஜெசிந்தா. "சோப்பாண்ட தோத்துட்டாரு. அதுலேந்து மாசக்கணக்கா தரையில பட்த்துகினு கீறாரு மேடம். தலகாணி கெடியாது. பெரள்ணும்னாகூட என்னியத்தான் கூப்டுவாரு."

"அசையக்கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்கோ" என்றார் சேவியர். குரலில் ஒரு குழந்தை இருந்தது. "எம்.கே.பி. நகர்ல காலால பொறந்த பொண்ணு ஒண்ணு கீது மேடம். அத்த வுட்டு முதுவுல மிதிக்க வெச்சேன்."

கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை உண்டு. மேடம் சிரிக்கவில்லை. "மிதிச்சாளா?"

"எட்டி ஒதச்சா மேடம். ரெண்டு நாளு சோக்கா இருந்துச்சு. அப்பால பயயபடி."

"என்னாண்ட சொல்லியிருந்தா நானே ஒதச்சிருப்பேன்" என்றார் ஜெசிந்தா. "பஸ்ஸுக்கு அலைஞ்சிருக்க வாணாம்."

சோதித்துப் பார்த்ததில் நரம்புக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. கால் பலமாகத்தான் இருந்தது. பெல்ட்டுக்குள்ளேயே கிடந்து கிடந்து, அசையாமல் கிடந்து, முதுகின் தசைகள் சோர்ந்திருந்தன. அதைவிட, மனிதர் பயந்திருந்தார். மேடம் கை வைத்த இடமெல்லாம் தசை கல்லாகியது.

"நல்லாயிட்டா மொதல்ல என்ன செய்யணும் சேவியர்?" என்று கேட்டார் மேடம். வேலைக்குப் போக வேண்டும் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"சப்பரம் தூக்கணும்."

அவர்கள் கோயில் திருவிழாவில் மாதாவின் சிலையை, சுரூபம் என்பார்கள், சப்பரத்தில் வைத்துத் தெருவெல்லாம் தோளில் தூக்கி வருவார்கள். இரண்டு நீள மரம், முன்னும் பின்னும் ஆட்கள். ஒவ்வொரு தோளும் ஒரு குடும்பத்துடையது. இடப்பக்கம் கடைசித் தோள் சேவியரின் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு சேவியருடையது. தெரு திரும்புகிற மூலையில் எடை முழுக்க அந்தத் தோளில்தான் வந்து இறங்குமாம். அப்பா செத்துப்போன வருடம், அடக்கத்துக்கு வர முடியாதவர்கள்கூட திருவிழாவில் அந்தத் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்களாம். இரண்டு திருவிழா தொடர்ந்து வெறுமையாக விட்டால் இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். ஒன்றைச் சேவியர் ஏற்கெனவே தரையில் படுத்தபடி, பேண்டு சத்தமாக மட்டும், கேட்டிருந்தார்.

"அடுத்தது போச்சுன்னா எங்கப்பா போயிடுவாரு மேடம்" என்றார்.

மேடம் டீ டம்ளரை வைத்துவிட்டு, "பெல்ட்டைக் கழட்டலாமா?" என்று கேட்டார்.

திருவிழாவுக்கு மாதங்கள் இருந்தன. சனிக்கிழமைகளில் பெனடிக்ட் முதுகின் இறுகிய இடங்களை விடுவிப்பார், உடனே என் பாய்க்கு வர வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைப் பாலம்போலத் தூக்குவது. பிறகு கையும் முழங்காலும் ஊன்றி நின்று, ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது.

"நாலு கால்ல நிக்க சொல்றீங்கோ சிஸ்டர். நா இன்னா நாயா?"

"நாயின்னா சொன்ன பேச்ச கேக்கும்" என்றார் ஜெசிந்தா, அடுத்த பாயில் அதே போல நின்றபடி. அந்தம்மாளை யாரும் செய்யச் சொல்லவில்லை. தனியாகச் செய்ய இவருக்கு வெட்கம். வீட்டில் அந்தம்மாள் செய்தால்தான் இவர் செய்வார். மார்க்கெட்டிலிருந்து வந்து மீன்வாசம் கழுவுவதற்கு முன்னாலேயே இரண்டு பாய் விரிந்துவிடுமாம்.

குனிவதுதான் கடினமாக இருந்தது. வலி அல்ல, சோப்பு. தரையில் எது கிடந்தாலும் அவருக்கு அது சோப்பு. விளக்குமாற்றுக் கம்பை அவர் முதுகோடு நிறுத்தி, தலையும் மேல்முதுகும் அடிமுதுகும் அதைத் தொட்டபடியே இருக்க, இடுப்பிலிருந்து மட்டும் மடங்கச் சொன்னேன். மடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு மடங்கினார். ஒருநாள் தரையில் ஒரு புதுச் சோப்பை வைத்தேன். எடுத்துவிட்டார். எடுத்த கையை மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஜெசிந்தா எதுவும் சொல்லாத ஒரே நாள் அது.

கடைசி வாரங்களில் பின்கட்டில் சவுக்குக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் மணல் மூட்டை கட்டினோம். கொஞ்சமாக ஆரம்பித்து, மணலைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒரு முனை சேவியரின் தோளில். மறுமுனைக்கு அவர் உயரத்துக்கு ஆள் தேடியபோது, "தேடாதீங்கோ, கல்யாணத்துலயே அளந்து பார்த்துட்டாங்கோ" என்று ஜெசிந்தா புடவையைச் செருகிக்கொண்டு போய் நின்றார். இரண்டு பேரும் சப்பரநடை நடந்தார்கள், ஒரு தடவை இடமும் ஒரு தடவை வலமும் சாய்ந்து, மெழுகு வாசத்தையும் கருவாட்டு வாசத்தையும் கடந்து, தண்ணீர்த் தொட்டி வரை, திரும்பி. மேடம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பின்கட்டு மாலைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, நான் முதலில் சத்தத்தைக் கேட்டேன்.

வாசலில் நாலு படி. சேவியரின் ரப்பர் செருப்பு எனக்குத் தெரியும். அன்று இடது கால் சாதாரணமாக வந்தது, வலது கால் "தப்" என்று விழுந்தது. மறுபடி இடது. மறுபடி "தப்." முன்பாதம் மெல்ல இறங்காமல் அப்படியே தரையில் அடிக்கிற சத்தம். உள்ளே மேடம் டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டது. அவரும் கேட்டிருக்கிறார்.

"ராத்திரிலேந்து வலி காலு வரைக்கும் இஸ்துகினு போவுது" என்றார் சேவியர், முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொள்ள முயன்றபடி. "சொடக்கு டாக்டர் ஒண்ணு போட்டாருன்னா செரியாயிடும். திருநா வருது இல்ல?"

மேடம் தன் கேள்விகளை அதே கத்திரிக்காய் விலைக் குரலில், ஒன்றுவிடாமல் கேட்டார். சிறுநீர் சரி. மரப்பு உட்காரும் இடத்தில் இல்லை. பிறகு, "குதிகாலால நடங்க."

இடது பாதம் நிமிர்ந்தது. வலது பாதம் நிமிரவில்லை. படுக்க வைத்துப் பெருவிரலைத் தூக்கச் சொல்லி, மேடம் ஒரே விரலால் அழுத்தினார். வெண்ணெய் போல அமுங்கியது.

பெனடிக்ட் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், பார்த்துவிட்டு நின்றார். துண்டை மடித்து வைத்தார்.

"இன்னிக்கு நான் தொட மாட்டேன் சேவியர் அண்ணே."

"இன்னா டாக்டர் சொல்றே?"

"நரம்பு நெருக்கப்படுது. கால்ல பலம் கொறையுது. இப்ப உந்தினா கெட்டுப்போகலாம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துடணும்."

"மேடம், நீங்கோ?"

மேடம் தலையசைத்தார். சேவியர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையை அவராகவே கழற்றி, மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டார். அகலமான முதுகு. மாதக்கணக்கில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மீட்டெடுத்த முதுகு.

"எப்பவும் நீங்கதானே கேப்பீங்கோ, கை வைக்கட்டுமான்னு. இப்போ நா சொல்றேன். வைங்கோ. யாராவது ஒருத்தரு வைங்கோ." குரல் மெத்தைக்குள் போனது. "எங்கப்பா தோளு சிஸ்டர்."

என் கைகள் எழுந்துவிட்டன. அப்படியே காற்றில் நின்றன. எதற்காகவும் என் கைகள் அவ்வளவு ஏங்கியதில்லை, அதற்கு முன்னாலும் பின்னாலும். மேடம் மெதுவாக ஒரு போர்வையை எடுத்து அந்த முதுகின் மேல் போர்த்தினார். ஆட்டோ கூப்பிடச் சொன்னார். போகும்போது ஜெசிந்தா அவருடைய வலது செருப்பைக் கழற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டார். அது தடுக்கியது.

ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெருக்கியிருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கவனித்துப் பார்க்கலாம், பலம் இன்னும் குறைந்தாலோ சிறுநீரில் மாற்றம் வந்தாலோ ஓடி வாருங்கள் என்றார் அங்கே டாக்டர். எடை தூக்கக் கூடாது. தோளிலும் கூடாது.

திங்கட்கிழமை ஜெசிந்தா தனியாக வந்தார். தலை சீவி, பவுடர் பூசி, கோயிலுக்குப் போகிற புடவை.

"மேடம், எம்முதுவ பாருங்கோ."

"உங்களுக்கு என்ன வலி?"

"வலி ஒண்ணியும் இல்ல. அவுருக்கு பார்த்தீங்களே எல்லாம், அத்தினியும் எனக்கும் பாருங்கோ. நா தூக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லுங்கோ."

மேடம் கேள்விகளைக் கேட்டார். குதிகால், நுனிக்கால், பெருவிரல். டீ டம்ளரில் கைகளைச் சூடாக்கினார். "கை வைக்கட்டுமா?" என்றார். அந்தக் கேள்வியை மேடம் அவ்வளவு மெதுவாகக் கேட்டு நான் கேட்டதில்லை. பாலமும் நாலுகால் நிலையும் சவுக்குக் கட்டையும் அந்த உடம்பில் இருந்தன. யாருக்காகவோ செய்தது, யாருக்கும் தெரியாமல் அங்கே சேர்ந்திருந்தது.

"தூக்கலாம்" என்றார் மேடம். "வீட்ல சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன். பேசவே இல்ல. செவுத்தாண்ட திரும்பிப் பட்த்துகினாரு." கொஞ்சம் நிறுத்தி, "திரும்பசொல்ல என்னிய கூப்டல. தானாத்தான் திரும்புனாரு" என்றார்.

திருவிழா மாலையில் நாங்கள் மூன்று பேரும் போனோம். உபதேசியார், அதாவது கோயிலில் ஜெபம் சொல்லி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிற பெரியவர், இடப்பக்கம் கடைசியில் ஜெசிந்தா நிற்பதைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

"பொம்பளைங்க தோள் குடுக்கறது நம்ம வழக்கத்துல இல்லியேம்மா."

"மாதா ஆம்பளையா அங்கிள்?" என்றார் ஜெசிந்தா.

முன்தோளில் நின்ற ஒருவன் விசிலடித்தான். உபதேசியார் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார், அங்கே பதில் இருப்பது போல. அப்போதுதான் சேவியர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். தோளில் அப்பாவின் சிவப்புத் துண்டு, வருடக்கணக்கான மரத்தின் அழுத்தம் பட்டு நடுவில் வெளுத்தது. அதை நான்காக மடித்தார். ஜெசிந்தாவின் இடத்தோளில் வைத்து, இரண்டு விரலால் ஓரத்தைச் சரிசெய்தார்.

"மூலை திரும்பசொல்ல மூச்ச வுடு. புடிச்சிகினு இருக்காதே" என்றார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

"தெரியும். நட" என்றார் ஜெசிந்தா.

சப்பரம் எழுந்தது. சேவியர் அதன் ஓரமாக, வலது காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, கடைசி மூலை வரை கூடவே நடந்தார். அந்தக் குடும்பத்தின் இடம் அந்தக் குடும்பத்திலேயே நின்றது.

அவருடைய பாதம் நிமிர மாதங்கள் ஆயின. நிமிர்ந்தது. நடையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம், சோப்பு வரை, சவுக்குக் கட்டை வரை. லேஷிங்கை விட்டு, கம்பிகளை எண்ணி வாங்கி வைக்கிற வேலைக்கு மாறினார். தூக்கலாம் என்று டாக்டரே சொன்ன வருடம், ஜெசிந்தா தோளைத் தரவில்லை. "நல்லா கீறப்ப குடுத்தா மறுபடி பட்த்துக்குவே" என்றாராம். அதற்கு அடுத்த வருடமும் தரவில்லை. எனக்கென்னவோ, அந்தம்மாளுக்கு அந்த மரம் பிடித்துப்போய்விட்டது. மேடம் ஓய்வு பெற்று மகளோடு கோவைக்குப் போனார். பெனடிக்ட் அண்ணா நகர் பக்கம் பெரிதாக வைத்துவிட்டார். எனக்கு இந்த விரல்கள்.

நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். வீடியோவில் சத்தம் இருக்கும். அதற்கு முன்னால் கேட்ட கேள்விகள் இருக்காது. அதற்குப் பின்னால் விரித்த பாய் இருக்காது. தொடாமல் போர்த்திய போர்வை எந்த வீடியோவிலும் இருக்காது.

இந்த வருடத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சிஸ்டர் என்று யாரும் கூப்பிடாத கூட்டத்தில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பேண்டு வந்தது. மெழுகுவர்த்திகள் வந்தன, அந்த வாசத்தில் எங்கள் நீள அறை ஒரு கணம் வந்து நின்றுவிட்டுப் போனது. சப்பரம் வந்தது. இடப்பக்கம் கடைசியில் ஜெசிந்தா, முன்னைவிடப் பருத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் சேவியர், நரைத்து, வெறும் தோளோடு. மரத்துக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று. அந்த ஒரு சாணை அத்தனை வருடமாக அவர் சுமந்து நடந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியும் அதன் எடை.

கடைசி மூலைக்குச் சற்று முன்னால், பாட்டு மாறுவதற்காகச் சப்பரத்தை முட்டுக்கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். ஜெசிந்தா மரத்துக்கு அடியிலிருந்து விலகினார். துண்டை எடுத்து உதறினார்.

"யோவ், வா. மூலைய நீ எட்து."

சேவியர் அசையவில்லை. "மெய்யாலுமா?"

"இன்னா, உபதேசியார வந்து கூப்ட சொல்லட்டா? வாய்யா."

வந்தார். நான் கூட்டத்தை விலக்கி இரண்டடி முன்னால் போனேன். கால்களை அகட்டினார். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடங்கினார், விளக்குமாற்றுக் கம்பு இன்னும் அங்கே இருப்பது போல. ஜெசிந்தா அவர் தோளில் மடித்து வைத்த துண்டின் மேல் மரம் உட்கார்ந்தது. மூச்சை விட்டுக்கொண்டே நிமிர்ந்தார். மூலை திரும்பியது. எடை முழுக்க வந்து அந்தத் தோளில் இறங்கியது. சட்டைக்குள் அந்த முதுகு, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும், மேலிருந்து கீழாக ஒரே சீராக இறுகித் தாங்கியது.

கைப்பைக்குள் என் கட்டைவிரல்கள் எதையோ அழுத்திக்கொண்டிருந்தன. வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.